பள்ளியில் அமைதி, வீட்டில் அலறல்: என் மகளுக்கு என்ன நேர்கிறது?

குட்டியின் அப்பா:

வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஆறு வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். யாரும் சொல்லித்தராமலேயே நான்கு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவள். ஆனால் பேச்சில் பெரும்பாலும் நாம் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வாள். தாகம் எடுத்தால் என் முன்னால் வந்து நின்று, "உனக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்பாள்.

பள்ளியில் அவளைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. "இருக்கும் இடமே தெரியாது, அவ்வளவு நல்ல பிள்ளை" என்கிறார் வகுப்பாசிரியர். அதே பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டியதும் பையை வீசிவிட்டுத் தரையில் விழுந்து ஒரு மணி நேரம் அலறுகிறாள். கழுத்துப் பட்டையைக் கடித்துக் கடித்து இந்த ஆண்டில் மட்டும் மூன்று சட்டைகள் நைந்துபோயின. வீட்டுப்பாட நோட்டை எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து அழுகை.

இதை ஆசிரியரிடம் சொன்னேன். "இங்கே ஒழுங்காகத்தானே இருக்கிறாள்? வீட்டில் செல்லம் அதிகம்" என்றார். அதை நம்பிச் சில நாள் கண்டிப்பாக இருந்தேன், குரலை உயர்த்தினேன். மூன்றாம் நாள் அவள் தன் கையையே கடித்துக்கொண்டாள். அந்தப் பல் தடத்தைப் பார்த்த பிறகு எனக்கு அதட்டும் தைரியம் போய்விட்டது.

குறை வீட்டிலா, பள்ளியிலா? ஆசிரியருக்கு எப்படிப் புரியவைப்பது? வீட்டுப்பாடத்தை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிறப்பாசிரியை:

ஐயா, பதினேழு ஆண்டுகளாக இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறேன். நீங்கள் சொல்வதில் அடத்தின் சாயலே இல்லை. அடம் பிடிக்கும் பிள்ளைக்கு ஒன்று வேண்டும். அழுகைக்கு நடுவே நம் முகத்தைப் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். உங்கள் மகள் எதையும் கேட்கவில்லை. தாங்கும் எல்லை தாண்டிய பின் வரும் உடைவு அது. பகல் முழுவதும் தன்னை அடக்கி வைத்திருந்தவள், தனக்குப் பாதுகாப்பான இடம் வந்ததும் உடைகிறாள். அந்த இடம் உங்கள் வீடு என்பதை நினைவில் வையுங்கள். பிறர் செய்வதைப் பார்த்துச் செய்து தன் சிரமத்தை மறைத்துக்கொள்வது பெண்பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது. அவர்களுக்கு ஆட்டிசம் தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் வேலையாக ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். அழுகைக்கு முன் என்ன இருந்தது, அழுகை எப்படி இருந்தது, பின் என்ன நடந்தது. கிழமையையும் அன்றைய பாட வேளைகளையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு வாரம் விளக்கம் எதுவும் எழுத வேண்டாம், கண்டதை மட்டும் எழுதுங்கள். நான் பார்த்த ஒரு பிள்ளைக்கு எல்லா மோசமான நாள்களும் செவ்வாயும் வியாழனுமாக இருந்தன. அந்த இரண்டு நாளும் எதிரொலிக்கும் கூடத்தில் விளையாட்டு வகுப்பு நடந்தது. சத்தம், வெளிச்சம், தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, மனநல நிலைகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்டது) ஆட்டிசத்தின் வரையறைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. ஆகவே ஆசிரியரிடம் இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

வீடு திரும்பியதும் அரை மணி நேரம் கேள்வியே வேண்டாம். "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்பதுகூட அவளுக்கு இன்னொரு பரீட்சை. விளக்கைத் தணித்து, தினமும் ஒரே மூலையில் அவளை விட்டுவிடுங்கள். சட்டையைக் கடிப்பதைத் தடுக்காதீர்கள், அது அவள் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி. கடிப்பதற்கென்றே சிலிக்கானில் செய்த பதக்கங்கள் இருக்கின்றன. எது பொருந்தும் என்று, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் உருவாக்கி, 1972-இல் அந்த மாநிலம் முழுவதற்குமான திட்டமாக வளர்ந்த, ஆட்டிசப் பிள்ளைகளுக்கான டீச் (TEACCH) என்ற கற்பித்தல் முறையில், பிள்ளைக்கு வேலை கொடுக்கும்போது நான்கு கேள்விகளுக்குப் பதில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பார்கள். என்ன வேலை, எவ்வளவு வேலை, எப்போது முடியும், அடுத்து என்ன? உங்கள் மகள் படிப்பவள், படங்கள்கூடத் தேவையில்லை. ஒரு தாளில் நான்கு வரி எழுதி வையுங்கள். முடித்த வரியை அவளே கோடு போட்டு அடிக்கட்டும். வீட்டுப்பாடம் இருபது கணக்கு என்றால் ஐந்து போதும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐந்தில் தெரியாதது இருபதில் தெரிந்துவிடப் போவதில்லை.

தூக்கணாங்குருவி:

நான் ஆட்டிச நிலையாளர். 27 வயதில்தான் எனக்கு அது தெரிந்தது. பள்ளியில் நானும் இருக்கும் இடம் தெரியாத நல்ல பிள்ளை.

அந்த நல்ல பிள்ளை உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று சொல்கிறேன். குழல்விளக்கின் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின் வரிசையில் யாரோ பேனா மூடியைத் திறந்து மூடுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆசிரியரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பிலேயே அவர் சொன்ன பாடத்தைத் தவறவிட்டாள். ஒருமுறை ஆசிரியர், "எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்" என்றார். எனக்குத் தெரிந்த தீட்டுதல் கத்தியைத் தீட்டுவதுதான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். கேட்க மறுக்கிறேன் என்று வெளியே நிற்க வைத்தார்கள். ஏன் பொத்தினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எனக்குச் சொல் இருந்திருக்காது.

"உனக்குத் தண்ணீர் வேண்டுமா?" பற்றி ஒன்று. அதைத் தவறு என்று திருத்தாதீர்கள். அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் தண்ணீர் வந்திருக்கிறது, அதனால் அதை முழுசாக எடுத்து வைத்திருக்கிறாள். உளமருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இப்படி இடம் மாறும் நான்-நீயைக் குறித்திருக்கிறார். அவள் கேட்கும்போது, அவள் இடத்திலிருந்து "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டுக் கொடுங்கள். திருப்பிச் சொன்னால்தான் தருவேன் என்று மட்டும் நிற்காதீர்கள். தாகத்தோடு பாடம் படிக்க முடியாது.

நீலப்பலகை:

நான் வகுப்பாசிரியர். உங்களிடம் அந்த ஆசிரியர் சொன்னதை, ஏறக்குறைய அதே சொற்களில், நானும் ஒரு தாயிடம் சொல்லியிருக்கிறேன். இன்றுவரை அது உறுத்துகிறது. மறுவாரம் அவர் தன் கைப்பேசியில் மகன் அழும் காட்சியைக் காட்டினார். நாற்பது விநாடி இருக்கும். அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

வாசலில் நின்று பேசாதீர்கள் ஐயா. அந்த நேரத்தில் எங்கள் காதில் எதுவும் ஏறாது. தனியாகப் பதினைந்து நிமிடம் கேளுங்கள். ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: அவளுக்கு எது பிடிக்கும், எது வலிக்கும், எது உதவும். கோரிக்கைகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். நான் முதலில் கேட்கச் சொல்வது ஓய்வு அட்டை. மேசை ஓரத்தில் ஓர் அட்டை. அதை எடுத்து வைத்தால் காரணம் கேட்காமல் ஐந்து நிமிடம் வெளியே விட வேண்டும். அமைதியான பிள்ளைகள் உதவி கேட்க மாட்டார்கள். அதனால்தான் அவர்களுக்கு உதவி தேவையில்லை என்று நாங்கள் நினைத்துவிடுகிறோம்.

தூக்கணாங்குருவி:

நீலப்பலகை, நீங்கள் மனம் மாறியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் உடைந்து அழும் பிள்ளையைப் படம் பிடித்துக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது. அந்த நேரத்தில் தன்னை யார் பார்க்கலாம் என்று சொல்லும் நிலையில் அந்தப் பிள்ளை இல்லை. குட்டியின் அப்பா நோட்டையே காட்டட்டும்.

நீலப்பலகை:

நீங்கள் சொல்வது சரி. அந்தப் பையனின் பக்கத்திலிருந்து நான் யோசிக்கவே இல்லை.

குட்டியின் அப்பா (ஐந்து வாரம் கழித்து):

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. படம் எடுக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் ஆறு நாள் குறிப்பில் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஏழாம் நாள் ஒரு விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்தது. அன்று அலறல் இல்லை. காலையில் இறக்கிவிடும்போது, "மணி கெட்டுவிட்டது, மணி கெட்டுவிட்டது" என்று யாரோ சொன்னதை அவள் மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் மணியைச் சரிசெய்துவிட்டார்கள், மறுநாளே அழுகையும் திரும்பியது. போய்ப் பார்த்தால், மின்மணி அவள் இருக்கைக்கு நேர் மேலே, சன்னலுக்கு வெளியே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்பது முறை அடிக்கிறது. அது எப்போது அடிக்கும் என்று காத்திருப்பதிலேயே அவள் பகல் போயிருக்கிறது.

நோட்டின் அந்த இரண்டு பக்கத்தையும் ஆசிரியர் இருமுறை படித்தார். மறுநாளே அவளை எதிர்ச் சுவர் ஓரம் மாற்றினார். கடைசி மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வெளியே அனுப்புகிறார். ஓய்வு அட்டையைப் பல நாள் அவள் தொடவே இல்லை. பத்தாம் நாள் எடுத்து வைத்தாள் என்று ஆசிரியர் தாமே எனக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார். அழுகை முற்றிலும் நிற்கவில்லை. போன வியாழக்கிழமை பழையபடி ஒரு மணி நேரம். மற்ற நாள்களில் மூலையில் படுத்துக்கொண்டு பதக்கத்தைக் கடிக்கிறாள், பிறகு எழுந்து வருகிறாள். நேற்று வந்து, "எனக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்றாள்.

அடுத்த ஆண்டு ஆசிரியர் மாறுவார். அவருக்கான ஒரு பக்கத்தை இந்த முறை அவளையே எழுதச் சொல்லலாமா? தூக்கணாங்குருவி, உங்கள் கருத்து வேண்டும்.

தூக்கணாங்குருவி:

சொல்லலாம். ஆனால் "உன்னைப் பற்றி எழுது" என்று வெற்றுத் தாளைக் கொடுத்துவிடாதீர்கள். "எனக்குப் பிடிக்காத சத்தங்கள்" என்று மேலே எழுதி, கீழே 1, 2, 3 என்று எண் மட்டும் போட்டு மூலையில் வைத்துவிட்டு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.