சிங்கப்பூர் போகும் அம்மாவின் மாத்திரைக்கு முன் அனுமதி: வாங்கியவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அப்பாவும் அம்மாவும் முதல்முறையாகச் சிங்கப்பூர் போகிறார்கள், அங்கே தங்கை இருக்கிறாள். சூயிங்கம் 1992லிருந்து தடை, எம்ஆர்டி ரயிலில் எதையாவது சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இதெல்லாம் சொல்லிவிட்டேன். பயமெல்லாம் பெட்டியைப் பற்றித்தான். குருமாவுக்கு அம்மா திரித்து வைத்த மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறது, நம் ஊரில் சாதாரணச் சமையல் சாமான், அங்கே தடை செய்யப்பட்ட பொருள், அதனால் அதை எடுத்து வைத்துவிட்டோம். அப்பாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம், மெல்லும் புகையிலையும் அங்கே கூடாது, வெறும் வெற்றிலை பாக்கு அங்கே லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கமே கிடைக்கும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தாயிற்று.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது மாத்திரையில். அம்மா டாக்டர் எழுதிக்கொடுத்த டையாசிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை எடுக்கிறார், நிறுத்த முடியாது, அதைக் கொண்டுபோக அந்த நாட்டின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அப்படி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டாக்டர் கடிதத்தில் என்னவெல்லாம் எழுதச் சொன்னீர்கள், பதில் வர எத்தனை நாளானது? அப்புறம், இறங்கியதும் சுங்கத்தில் தாங்களாகவே காட்ட வேண்டுமா? இரண்டு பேருக்கும் ஆங்கிலம் வராது, தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.