ஜூன் லீவுக்கு ஓவர்லாக் மெஷின்ல என்ன தைக்கலாம்?

செங்காங் நிலா:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல எங்க புளோக்ல இருந்த ஜப்பான் குடும்பம் ஊர் திரும்பும்போது நாலு நூல் ஓவர்லாக் மெஷின் (துணி ஓரத்தைக் கத்தியால வெட்டிக்கிட்டே பின்னித் தைக்கிறது) ஒண்ணை என்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டாங்க. கையேடும் இருக்கு, முழுக்க ஜப்பானிய மொழியில. படத்தைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும். இன்னும் பிளக்கே குத்தலை.

சாதாரண தையல் மெஷின் ஏற்கெனவே வீட்டுல இருக்கு. சேலைக்கு ஃபால்ஸ் வைப்பேன், ஸ்கூல் பாவாடையைப் பிரிச்சு இறக்குவேன், தலையணை உறை தைப்பேன். அதுக்கு மேல போனதில்லை.

ஜூன்ல பிள்ளைங்களுக்கு நாலு வாரம் லீவு, இந்தத் தடவை ஊருக்குப் போகலை. மகளுக்கு 9 வயசு, மகனுக்கு 6. ரெண்டு பேரும் நீச்சல் வகுப்புக்குப் போறாங்க. முடிச்சுட்டு ஈரத்தோட பஸ் ஏறினா ஏர்கான்ல வெடவெடன்னு நடுங்குறாங்க. ராத்திரி மகன் சட்டையே போட மாட்டேங்குறான், அவ்வளவு வேர்வை. மாமியாருக்கு ரெண்டு நைட்டி வேணுமாம். கடையில விக்கிறதைப் போட்டா பிளாஸ்டிக் பையைச் சுத்திக்கிட்ட மாதிரி இருக்காம்.

இணையத்துல கோடைக்காலத் தையல்னு தேடினா கடற்கரை கவுன், தோள்ல முடிச்சு போடுற ஃபிராக்னு வருது. அவங்களுக்கு மூணு மாசம்தான் கோடை. நமக்கு டிசம்பர் மழையை விட்டா மிச்சமெல்லாம் அதுதானே. தினமும் உடுத்துற மாதிரி, ஓவர்லாக்லயே முக்கால்வாசி முடியுற மாதிரி என்ன இருக்கு? துணி எங்க வாங்கலாம்? நூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சா வீட்டுக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

கல்லாங் ஆன்ட்டி:

நிலா, நான் எண்பதுகள்ல கல்லாங்ல ஏற்றுமதிக்கு டி-ஷர்ட் தைக்கிற ஃபேக்டரியில ஓவர்லாக்ல உட்கார்ந்தவ. ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வை மா: ஓரம் மடிச்சு அடிக்க வேண்டியது, ஜிப் வைக்க வேண்டியது, பட்டன் காஜா போட வேண்டியது எதையும் இப்ப தொடாதே. ஓவர்லாக்குக்கு அதெல்லாம் வராது. இழுத்தா நீளுற பனியன் துணிதான் அதுக்குப் பொருத்தம். ஓரத்துல மடிப்புக்குப் பதிலா பட்டி வச்சுடணும். கழுத்து, கை, கால் எல்லாத்துக்கும் பட்டிதான்.

முதல்ல மகனுக்கு ராத்திரி போடுற அரைக்கால் சட்டை. பொருந்துற பழைய அரைக்கால் சட்டை ஒண்ணை நடுவுல மடிச்சு, காகிதத்துல வச்சு வரைஞ்சுக்கோ. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே துண்டா வர்ற மாதிரி வரைஞ்சா பக்கத் தையலே வேண்டாம், ஒரு காலுக்கு ஒரு துண்டு போதும். உள்தொடைத் தையலை ரெண்டு காலுக்கும் தனித்தனியா போடு. அப்புறம் ஒரு காலை நல்லபக்கம் திருப்பி, திருப்பாத இன்னொரு கால் குழாய்க்குள்ள நுழைச்சு, முன் இடுப்புல தொடங்கி பின் இடுப்பு வரைக்கும் ஒரே ஓட்டமா அடிச்சுடு. எலாஸ்டிக் இடுப்புச் சுற்றளவைவிட அஞ்சு சென்டிமீட்டர் குறைச்சலா இருக்கட்டும். அதை வளையமா தைச்சு, துணியையும் எலாஸ்டிக்கையும் நாலு பாகமா குறிச்சு, குறியோட குறி சேர்த்து இழுத்துப் பிடிச்சு ஓட்டணும். கத்தி எலாஸ்டிக்கைக் கடிச்சிடும், அதனால கத்தியை இறக்கிடு. கடைசியா உள்பக்கம் மடிச்சு உன் சாதாரண மெஷின்ல ஜிக்ஜாக் ஒரு சுத்து. அவ்வளவுதான்.

டிஃபரென்ஷியல் ஃபீட்னு ஒரு திருகு இருக்கும், எண் 0.7-ல இருந்து 2 வரைக்கும் போகும். மெஷின் வாங்கினவங்க பாதிப் பேர் அதைத் தொடுறதே இல்லை, அப்புறம் பனியன் துணி ஓரம் அலை அலையா வருதுன்னு மெஷினைக் குறை சொல்றாங்க. துணியைத் தள்ளுற பல்லு ரெண்டு செட். முன்பல் வேகமா தள்ளினா துணி நீளாம உள்ளே போகும். பனியன் துணிக்கு 1.3, 1.5-னு ஏத்திப் பார். மெல்லிசான நெய்த துணி சுருங்குதுன்னா 1-க்குக் கீழே இறக்கு. ஒவ்வொரு துணியிலயும் வெட்டு மிச்சத்துல முதல்ல ஓட்டிப் பார்த்துக்கோ, அதுவும் குறுக்குவாட்டுல. நீளவாட்டுல ஓட்டினா எல்லாத் துணியும் நல்லாத்தான் தெரியும்.

குண்டூசி குத்தாதே. கத்தியில பட்டா கத்தியும் போச்சு, கண்ணுக்கும் ஆபத்து. கிளிப் போடு.

நீச்சலுக்கு டவல் அங்கி தை. 70-க்கு 140 சென்டிமீட்டர் குளியல் டவலைக் குறுக்கே மடிச்சா மடிப்பு தோள்ல வரும், ஒன்பது வயசுக்கு முட்டி வரைக்கும் இறங்கும். மடிப்புல கழுத்து வெட்டு, சின்ன டவலை மடிச்சுத் தொப்பி வை, பக்கத்துல கை நுழைய ஒரு சாண் விட்டுட்டுக் கீழே சேர்த்துத் தை. டவலோட ஓரம் ஏற்கெனவே தைச்சதுதானே, அதைத் தொட வேண்டாம். தையல் நீளத்தை 3-க்கு மேல வை, பாதத்தோட அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்து. முடிச்சதும் மூடியைத் திறந்து பிரஷ்ஷால கூட்டிடு, டவல் நூல்பஞ்சு கொட்டோ கொட்டுன்னு கொட்டும். வாயால ஊதாதே, நம்ம ஊர் ஈரக்காத்துக்கு உள்ளே இரும்பு ஏற்கெனவே துருப்பிடிக்கக் காத்துக்கிட்டு இருக்கு.

துணிக்கு சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் பக்கம் போ. காட்டன்னு சொல்லித் தர்றதை எல்லாம் நம்பாதே. ஒரு நூலைப் பிரிச்சு வீட்டுல சிங்க் மேல வச்சுக் கொளுத்திப் பார்: பஞ்சுன்னா எரிஞ்சு சாம்பலா உதிரும், பாலியெஸ்டர்னா உருகிக் கெட்டியா மணி கட்டிக்கும். வாங்கினதும் துவைச்சுக் காய வச்சுட்டுத்தான் வெட்டணும். பனியன் துணி சுருங்கும்.

உட்லண்ட்ஸ் மின்வேலை:

சகோதரி, தையல் எனக்குத் தெரியாது. "இன்னும் பிளக்கே குத்தலை" என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது, அப்படியே இருக்கட்டும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230 வோல்ட். மெஷினின் பின்புறம் அல்லது அடியில் ஒட்டியுள்ள சிட்டையைப் பாருங்கள். 100 மட்டும் போட்டிருந்தால், மூன்று கால் அடாப்டர் வைத்துக் குத்தினாலும் மோட்டார் புகைந்துவிடும். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

230-ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். 110-க்கு இறக்குவது அமெரிக்கப் பொருட்களுக்கானது, கடைக்காரர் அதையே எடுத்துக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். சிட்டையில் உள்ள வாட்டைப் போல் இரண்டு மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். கால் மிதி அந்த மெஷினோடு வந்ததே வேண்டும், வேறு மெஷினுடையதைச் சொருக வேண்டாம்.

செங்காங் நிலா:

அண்ணே, கோடி புண்ணியம். பார்த்துட்டேன், 100 வோல்ட், 90 வாட்னு போட்டிருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் வந்த பிறகுதான் தொடுவேன். ஆன்ட்டி, அரைக்கால் சட்டையிலயே தொடங்குறேன். நைட்டியும் பனியன் துணியிலயே தைக்கலாமா? மகளோட ஷிஃபான் துப்பட்டா ஓரம் வேற பிரிஞ்சு தொங்குது.

அராப் ஸ்ட்ரீட் வாடிக்கை:

நைட்டி விஷயத்துல ஆன்ட்டியோட எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு. வயசானவங்களுக்குப் பனியன் துணி நைட்டி உடம்போட ஒட்டும், ஈரமானா இழுத்துக்கிட்டுத் தொங்கும். அராப் ஸ்ட்ரீட்ல மலாய்க்காரங்க உடுத்துற பாத்தேக் சாரோங் துணி வாங்குங்க, காட்டன்லயே. கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் நீளம், பூவேலை ரெண்டு ஓரத்துலயும் வரும். ரெண்டா மடிச்சு, நடுவுல கழுத்து, பக்கத்துல ரெண்டு தையல், கஃப்தான் ரெடி. வெட்டுறதே இல்லைன்னு சொல்லலாம். கழுத்துக்கு மட்டும் கிராஸ் பட்டி (மூலைவாட்டுல வெட்டினது) வச்சு சாதாரண மெஷின்ல அடிங்க. பக்கத்துத் தையலையும் முதல்ல சாதாரண மெஷின்ல போட்டுட்டு, ஓரத்தை மட்டும் மூணு நூல்ல ஓட்டுங்க. நாலு நூல் தடிமனா இருக்கும், அக்குள்ல உரசும், மாமியார் மறுபடி குறை சொல்வாங்க.

துப்பட்டாவுக்கு ரோல்டு ஹெம் போடுங்க. லிட்டில் இந்தியா தேக்காவுல சேலைக்கு பீக்கோ போட்டுத் தர்றாங்களே, பார்க்க அதேதான். இடது ஊசியைக் கழட்டிடணும். பாதத்துக்குக் கீழே சின்ன நாக்கு ஒண்ணு இருக்கும், அதை உள்ளே இழுத்துடணும் (சில மெஷின்ல தகட்டையே மாத்தணும்). தையல் நீளம் 1-ல இருந்து 1.5. கீழ் லூப்பர் (ஊசிக்குப் பக்கத்துல ஓரத்தைப் பின்னுற கொக்கி) நூலோட இறுக்கம் கூடணும், அப்பத்தான் மேல் லூப்பர் நூல் ஓரத்தைச் சுத்தி உருளும். மேல் லூப்பர்ல ஊலி நைலான் (பஞ்சு மாதிரி உப்பலான நூல்) போட்டா ஓரம் நிரம்பி வரும். ஷிஃபான் வழுக்கும், அவசரப்படாதீங்க.

இன்னொண்ணு, மகளுக்குப் பனியன் துணியில பாவாடை தைச்சா, இதே செட்டிங்ல ஓரத்தை நல்லா இழுத்துப் பிடிச்சு ஓட்டிப் பாருங்க. கீரை இலை ஓரம் மாதிரி சுருள் சுருளா வரும். ஒன்பது வயசுப் பிள்ளை அதை விடவே மாட்டா.

கல்லாங் ஆன்ட்டி:

நைட்டிக்கு பாத்தேக்தான் சரி, ஒத்துக்கிறேன். நான் சொன்னது பிள்ளைங்க துணிக்கு.

நூல் கோக்கிறதைச் சொல்லாம விட்டா நீ முதல் நாளே அழுவே. மேல் லூப்பர், கீழ் லூப்பர், அப்புறம் வலது ஊசி, இடது ஊசி. பெரும்பாலான மெஷின்ல இதுதான் வரிசை. மூடிக்கு உள்ளே கலர் புள்ளி போட்டிருக்கும், மொழி தெரியாட்டியும் அதைப் பார்த்தே கோத்துடலாம். நடுவுல கீழ் லூப்பர் நூல் அறுந்துச்சுன்னா அதை மட்டும் கோத்துட்டு ஓட்டாதே. ஊசி நூல் அதுக்கு அடியில மாட்டிக்கிட்டு மறுபடி மறுபடி அறுக்கும். ரெண்டு ஊசியிலயும் நூலை உருவிட்டு, லூப்பரைக் கோத்து, கடைசியா ஊசியைக் கோ.

கலர் மாத்தணும்னா முழுக்க உருவ வேண்டாம். கோன் கிட்ட நூலை வெட்டி, புதுநூலை முடிச்சு போட்டு, பாதத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு மெதுவா இழு. லூப்பர்ல முடிச்சு தாண்டிடும். ஊசிக் காதுல மட்டும் தாண்டாது, அங்கே வெட்டிட்டு கையால கோத்துக்கோ.

தையல் முடியுற இடத்துல நூல் சங்கிலியைச் சட்டுனு வெட்டிடாதே, பிரிஞ்சுடும். ஒரு விரல் நீளம் விட்டு, பெரிய காது ஊசியில கோத்து தையலுக்கு உள்ளேயே சொருகிடு.

வீவக அடுக்குமாடி வீட்டுல ராத்திரி பத்து மணிக்கு மேல ஓட்டாதே, ஓவர்லாக் சத்தம் மேசைக் கால் வழியா கீழ்வீட்டுக்கு இறங்கும். அடியில தடிச்ச ரப்பர் பாய் போட்டா பகல்லயும் நல்லது.

நூலுக்குக் காசைக் கொட்டாதே. வெள்ளை, கறுப்பு, சாம்பல்னு மூணு கலர்ல கோன் வாங்கி வை. நாலு நூல் தையல்ல வெளியே எட்டிப் பார்க்கிறது இடது ஊசி நூல் ஒண்ணுதான், அதை மட்டும் துணி கலர்ல போட்டுக்கோ.