மறு: கல்வெட்டு நிதி – சுவரையும் எழுதினால்தான் என் பங்கு

அண்ணாச்சிமார், மைனிமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நம்மூர் வடக்கன்குளம் கோயிலில் வைக்கப்போகிற கல்வெட்டுக்குப் பணம் தராதவர்களை "வெளிநாட்டில் இருந்தும் மனசு வராதவர்கள்" என்று துபாய் அண்ணாச்சி எழுதியது என்னைத்தான் என்று தெரியும். பணம் தயாராக இருக்கிறது, அண்ணாச்சி. கல்வெட்டுக்கு நீங்கள் அனுப்பிய வாசகம்தான் தொண்டையில் நிற்கிறது.

1745இல் திருவிதாங்கூர்ப் படைத்தளபதி தெலனாய் கொடுத்த கடிதத்தோடு நீலகண்ட பிள்ளை வடக்கன்குளம் வந்தது, புத்தாரி சாமியார் அவருக்கு தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுத்தது, 1752இல் காற்றாடிமலையில் அவரைச் சுட்டது, 2022இல் தேவசகாயம் புனிதரானது எல்லாம் இருக்கிறது. நல்லது. புருஷன் போன பிறகு நம்மூரிலேயே இருந்து, நம்மூர் மண்ணிலேயே அடங்கிய ஞானப்பூ அம்மாளை மட்டும் காணோம். சரி, அதைச் சேர்க்கலாம் என்று சின்னம்மாவே எழுதிவிட்டார்கள். என் சண்டை அடுத்த வரியோடுதான்: "1872இல் திரிங்கால் சுவாமிகளால் பெரிய ஆலயம் கட்டப்பட்டது."

அவ்வளவுதானா? கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாக அதை ஏன் கட்டினார்கள்? பிள்ளைமாருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம், நடுவில் சுவர், இரண்டுக்கும் பொதுவாக ஒரே பீடம். 1910இல் கௌசானல் சாமியார் அந்தத் தடுப்பை எடுத்தபோது ஊரே இரண்டுபட்டது. பழையபடி பிரித்துவிடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் தோற்றுத் திரும்பினார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். நாம் மட்டும் "பெரிய ஆலயம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டுமாம்.

சிகாகோ மச்சான் எழுதியிருக்கிறார்: "புனிதர் பெயரால் உலகம் நம்மூரைப் பார்க்கிற நேரத்தில் பழைய அழுக்கை எதற்குத் துவைக்க வேண்டும்?" மச்சான், போன மாதம் தங்கச்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். வேனில் வந்த திருயாத்திரைக்காரர்கள் சிலர் உள்ளே நின்று, "ஏன் இப்படி ரெண்டாப் பிரிஞ்சு இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற நம்மூர்ப் பையன் ஒருத்தன், "கூட்டம் தாங்கலன்னு பெருசாக் கட்டிட்டாங்க" என்று சொன்னானாம். அவனுக்கு இருபது வயது இருக்கும். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். தங்கச்சி அன்று ராத்திரியே எனக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னாள்.

எங்கள் ஆச்சி பிறந்தபோதே அந்தச் சுவர் இல்லை. ஆனாலும் பூசைக்குப் போனால் செருப்பைக் கழற்றிய கையோடு நேரே "நம்ம பக்கம்" போய்த்தான் முழந்தாள் போடுவாள். ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, காற்று வருகிறதே என்று நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். பூசை நடுவில் எழுந்து வந்து, காணிக்கை போட எனக்குத் தந்திருந்த நாலணாவை உள்ளங்கையிலிருந்து பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே வந்த பிறகு கேட்டேன். "அங்க உக்காந்தா நீ யாரு பேரன்னு தெரியாமப் போயிரும்லா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சோறு ஆறிவிடும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். இடித்த பிறகும் சுவர் எங்கே இருந்தது என்று இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

கோயிலைச் சுற்றி எல்லாமே மாறிப்போயிற்று, கல்லில் எழுதாவிட்டால் எதைக் காட்டிச் சொல்வது என்றுதான் நான் பிடிவாதமாக நிற்கிறேன். அந்தக் காலத்தில் முற்றத்தில் நின்றால் மேற்கே மலை, அதுவரைக்கும் பனை. பதநீர் இறக்குகிற நேரத்தில் பூசை முடிந்து வந்தால் பட்டையைக் கையில் பிடித்தபடி யாராவது நிற்பார்கள். தொண்ணூறுகளில் காற்றாலை வந்தது. முதலில் வந்தவை சின்னவை, 225 கிலோவாட், சத்தம்தான் பெரிது. இப்போது நிற்பவை 2 மெகாவாட். இறக்கை ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் திரும்ப முடியாமல் நிற்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறக்கைக்கு அடியில் குனிந்து குனிந்து போனதை நானே பார்த்தேன். ஆடிக் காற்றை முன்பு திட்டிக்கொண்டிருந்தோம், இப்போது அதற்குக் குத்தகை வாங்குகிறோம். காற்றாலையைக் குறை சொல்லவில்லை, என் தம்பியே அதில்தான் வேலை பார்க்கிறான். ஆனால் மச்சான், எங்கள் தெக்கு விளைக்கு நடுவே லாரிப் பாதை போனது யார் அப்பா கையெழுத்தில் என்று இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். பெருமையைப் பற்றி நீங்கள் பேசப் போய்த்தான் ஞாபகம் வந்தது.

கணக்கு அண்ணாச்சிக்கு: ஜெனரேட்டர் வாங்கியதில் மிச்சம் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். பொருளாளர் பதில் சொல்லட்டும். அதோடு இதையும் கேளுங்கள். வாசகத்தில் வரலாறு எட்டு வரி, உபயம் பதினாறு வரி. எழுத்துக்கு இவ்வளவு என்று கல்தச்சர் கூலி கேட்கிறார் என்றால் எதைக் குறைப்பது? என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் "சாதிப் பிரிவுக்காகச் சுவர் இருந்தது, 1910இல் அகற்றப்பட்டது" என்று வெட்டினால் போதும். யாரையும் திட்ட வேண்டாம், யார் ஜெயித்தார்கள் என்றும் எழுத வேண்டாம்.

வாசகம் திருத்தி வந்த அன்றே என் பங்கும் தங்கச்சி பங்கும் சேர்த்து அனுப்புகிறேன். திருத்தாவிட்டால் அதே பணம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பீசுக்குப் போகும், அதற்கும் ரசீது காட்டுவேன்.

மும்பைத் தம்பி, நீ கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அம்மாவுக்கு முட்டுவலித் தைலம் கொடுத்துவிட வேண்டும், யார் மூலம் உனக்கு அனுப்புவது என்று தனியாக எழுது. வரும்போது கருப்பட்டி வாங்கினால் சீனி கலக்காததா என்று பார்த்து வாங்கு.

– மஸ்கட்டிலிருந்து