காட்டோரம் இருக்கும் உறவுகளே, வனத்துறையோடு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்: இழப்பீடு, காவலர் சம்பளம், காட்டுப்பன்றி உத்தரவு

மேட்டாங்காட்டு விவசாயி, ஈரோடு மாவட்டம்

எங்கள் ஊர் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருக்கிறது. மக்காச்சோளம், வாழை, முட்டைக்கோஸ், தண்ணீர் இருந்தால் மஞ்சள், இதுதான் எங்கள் வெள்ளாமை. யானை வருவது எங்களுக்குப் புதிதல்ல, தாத்தா காலத்திலும் பரண் போட்டுக் காவல் இருந்தவர்கள்தான். யானை வந்து போன பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

போன போகத்துக்கு முந்தின போகத்தில் சோளம் பால் பிடிக்கிற நேரம் பார்த்து ஒரு கூட்டம் இறங்கியது. சோலார் வேலியில் ஷாக் அடிக்கும் என்று அவற்றுக்குத் தெரியும், காய்ந்த மரம் ஒன்றை உருட்டிக் கொண்டுவந்து கம்பி மேல் சாய்த்துவிட்டு, சாய்ந்த இடத்தில் கால் வைத்து உள்ளே வந்திருக்கின்றன. தின்றது கொஞ்சம், மிதித்துச் சாய்த்ததுதான் நிறைய. சொட்டுநீர்ப் பைப்பெல்லாம் சுருண்டு வரப்பில் கிடந்தது. ராத்திரியே வனத்துறைக்குப் போன் செய்தோம். இரண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஒரே பைக்கில் வந்தார்கள். பைக் அவர்களில் ஒருவருடையது, பெட்ரோலும் அவர் காசு, டார்ச்சில் பாதி வெளிச்சம்தான் இருந்தது, பட்டாசு நாங்கள் வாங்கி வைத்திருந்ததைக் கொடுத்தோம். விடிய விடியக் கூடவே நின்று விரட்டினார்கள். விடிந்ததும் சேதத்தைப் பார்த்த எங்கள் ஆட்களுக்கு வயிறு எரிந்தது, அந்த இரண்டு பேரையும் சுற்றி நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி பேசினார்கள், என் பங்காளி ஒருவர் சட்டையைப் பிடிக்கவே போய்விட்டார். அப்போது அவர்களில் சின்னவன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, "அண்ணா, எங்களுக்கே ரெண்டு மாசமா சம்பளம் வரலீங்க, பெட்ரோலுக்குக் கடன் வாங்கித்தான் வந்தோம்" என்றான். அதற்கப்புறம் யாருக்கும் வாய் வரவில்லை.

இழப்பீட்டுக்கு மனு கொடுத்தோம். சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, போட்டோ, பாஸ்புக் நகல், அப்புறம் அதிகாரி வந்து சேத மதிப்பீடு. அவர் வந்து பார்க்கும்வரை நிலத்தை உழவும் முடியாது, அப்படியே போட்டு வைக்கவும் முடியாது. எல்லாம் கொடுத்து முடித்த பிறகு கிடைத்த பதில், "நிதி வந்ததும் போடுகிறோம்". அடுத்த போகமும் எடுத்துவிட்டோம், நிதி வந்தபாடில்லை. அதைச் சொன்ன அதிகாரி மேல் எனக்குக் கோபம் கிடையாது, கையில் பணம் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

தமிழ்நாட்டில் 2006இல் 76 புலிகள் என்றார்கள், 2022 கணக்கெடுப்பில் 306. யானை 2023இல் 2,961, அடுத்த வருஷமே 3,063. சந்தோஷமான சேதிதான், காடு நன்றாக இருந்தால்தான் எங்கள் கிணற்றில் தண்ணீர். ஆனால் அந்த எண்ணிக்கை கூடக் கூட, பக்கத்தில் பயிர் வைப்பவனுக்கும் ராத்திரி காவல் நிற்பவனுக்கும் ஒதுக்கும் பணமும் கூட வேண்டாமா? அது கூடாததால்தான் நாங்களும் காவலர்களும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிறோம். முடிவெடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படுவதே இல்லை.

உங்கள் பக்கம் எப்படி? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அதிகாரிகள் பெயர் வேண்டாம், யாரையும் மாட்டிவிடுவதற்கு இதை ஆரம்பிக்கவில்லை.

காவலர் வீட்டுப் பெண், நீலகிரி

அண்ணா, நீங்கள் சொன்ன அந்தப் பையனைப் போல ஒருவர் எங்கள் வீட்டிலும் இருக்கிறார். என் வீட்டுக்காரர் வேட்டைத் தடுப்புக் காவலர், நாங்கள் பழங்குடி. முகாமுக்குப் போகிறார் என்றால் அரிசி, பருப்பு, எண்ணெய், தீப்பெட்டி எல்லாம் மூட்டை கட்டித் தோளில் சுமந்துதான் போவார்.

2021இல் மசினகுடி, தேவன் எஸ்டேட் பக்கம் டி23 புலியைத் தேடியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். முதலில் சுட்டுப் பிடிக்க உத்தரவு என்றார்கள், பிறகு உயர் நீதிமன்றம் உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது. ஆளையும் மாட்டையும் இழந்த ஊர்க்காரர்கள் கொன்றே ஆக வேண்டும் என்று ரோட்டில் உட்கார்ந்தார்கள், வெளியூர் விலங்கு ஆர்வலர்கள் கொல்லவே கூடாது என்றார்கள். இரண்டு பக்கமும் பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், உண்ணிச் செடிப் புதருக்குள் முதலில் காலை வைத்தது எங்கள் ஆட்கள். நல்ல மழை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம், புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் காலில் சுற்றிப் போனாலும் அட்டை விடவில்லை. மூன்று வாரம் கழித்து அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டு போனார்கள். உயிரோடு பிடித்ததில் எங்களுக்கும் பெருமைதான், என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்தது போல அப்புறம் சிரித்துப் பார்க்கவில்லை.

அவ்வளவு செய்தவர்களைத்தான் 2023 ஆரம்பத்தில் தனியார் ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அப்போது மாதம் 12,500 ரூபாய் தொகுப்பூதியம். பத்து வருஷம் முடித்தால் வனக் காவலராக நிரந்தரம் ஆகலாம் என்ற ஒரே நம்பிக்கையில்தான் பல பேர் அந்தச் சம்பளத்துக்கு இருந்தார்கள். ஒப்பந்ததாரர் கைக்குப் போனால் அந்த வருஷங்கள் என்ன கணக்கில் சேரும்? முதுமலைப் பக்கம் காவலர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். பணம் இல்லை என்று சொன்னால்கூடப் புரிந்துகொள்வோம். காட்டைத் தெரிந்தவனை, இவன் யாருடைய ஆளும் இல்லை என்று கையைக் கழுவுவதைத்தான் தாங்க முடியவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு

எங்களுக்கு யானையைவிடப் பன்றிதான் தலைவலி. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் வந்தபோது கும்கி வந்தது, லாரி வந்தது, டாக்டர்கள் வந்தார்கள், 144 தடை போட்டார்கள், பிடித்து முண்டந்துறைப் பக்கம் மேல் கோதையாறில் கொண்டுபோய் விட்டார்கள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பன்றி தினமும் வருகிறது, அதற்கு எந்தக் கேமராவும் வருவதில்லை. நிலக்கடலைக் காட்டில் ஒரு ராத்திரி இறங்கினால் வரிசை வரிசையாக உழுத மாதிரி மண் புரண்டு கிடக்கும், காயை மட்டும் தின்றுவிட்டுக் கொடியை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கும்.

2025 ஜனவரியில் பன்றியைப் பற்றி அரசு உத்தரவு வந்தபோது இனிப்புகூட வாங்கிக் கொடுத்தோம். படித்துப் பார்த்தால் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை கூண்டு வைத்துப் பிடித்துத் திரும்பக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டர் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஆள் சேர்ந்த குழு பார்த்துச் சொல்ல வேண்டும். சட்டப்படி யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள், காட்டுக்குள் பன்றி வேண்டும், புலிக்கும் சிறுத்தைக்கும் அதுதான் இரை. ஆனால் என் நிலம் நடுவில் சிக்கிய பட்டையில் இருக்கிறது. கூண்டு கேட்டால் இருக்கிற கூண்டு வேறு ஊரில் இருக்கிறது என்கிறார்கள், ஆள் கேட்டால் ஒரு பீட்டுக்கு, அதாவது ஒரு காவல் எல்லைக்கு, ஒரு ஆள், அவரே காட்டுத்தீயையும் பார்க்க வேண்டும் பன்றியையும் பார்க்க வேண்டும். பிடித்த பன்றியைக் கொண்டுபோக வண்டிக்கு டீசல் யார் போடுவது என்பதில் ஒரு முறை என் கண் முன்னாலேயே பேச்சு நின்றுபோனது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2022லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டார்கள், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவரைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லலாம். குமுளியில் இருக்கும் என் மச்சான் போனில் அதைச் சொல்லிச் சொல்லி வெறுப்பேற்றுகிறார். ஆனால் அங்கேயும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, சுட ஆள் கிடைப்பதில்லை என்று அவரே இன்னொரு நாள் புலம்புகிறார். உத்தரவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைச் செய்து முடிக்க ஆளும் காசும் வேண்டுமே.

காய்கறி வண்டி டிரைவர்

ஒரு வார்த்தை நானும் சொல்லிக்கொள்கிறேன். சத்தியமங்கலம் காப்பகத்துக்குள் போகும் திம்பம் மலை ரோட்டில் 2022 பிப்ரவரி 10லிருந்து நீதிமன்றம் சொன்னபடி இரவுத் தடை போட்டார்கள். வண்டியில் அடிபட்டுச் செத்த சிறுத்தையையும் மானையும் 27 கொண்டை ஊசி வளைவில் என் கண்ணால் பார்த்தவன் நான், தடை தேவை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தாளவாடிக்காரர்களுக்கு அதுதானே வாசல். கடையடைப்பு, போராட்டம் எல்லாம் நடந்து உள்ளூர் வண்டிக்குப் பாஸ் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்தப் பாஸைப் பார்க்க, எடையைப் பார்க்க, கரும்பு லாரியை மறிக்கிற யானையைப் பார்க்க செக்போஸ்ட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற வனவர்

இதுவரை படித்ததில் எதுவும் மிகை இல்லை. துறைக்குள் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

புலிகள் காப்பகத்துக்குப் பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஆண்டுச் செயல்திட்டம் போட்டு டெல்லியில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். மத்திய அரசின் பங்கு தவணையாக வரும், மாநிலப் பங்கைச் சேர்த்து இங்கே விடுவிக்க வேண்டும், முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போனால்தான் அடுத்த தவணை. 2015க்குப் பிறகு மாநிலம் போட வேண்டிய பங்கும் கூடிவிட்டது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும், நான் வேலை பார்த்த இடத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு பணம் வந்த வருஷங்கள் உண்டு. ஜனவரிக்குள் தீத்தடுப்புக் கோடு வெட்டியாக வேண்டும், தீக்காவலர்களை எடுத்தாக வேண்டும். நாங்கள் கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிவாள் வாங்கியிருக்கிறோம், கூலி ஆட்களிடம் நாளை நாளை என்று சொல்லியிருக்கிறோம். அப்புறம் மார்ச் கடைசி வாரத்தில் மொத்தமாகப் பணம் வந்து, முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவுக் கணக்கு காட்டு என்பார்கள். பாதிக் காடு அதற்குள் எரிந்திருக்கும்.

சுற்றுலா வருமானம் புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளைக்குப் போகும். தவணை தாமதமானால் அதிலிருந்து எடுத்துச் சம்பளம் போட்டுச் சமாளிப்பது வழக்கம். 2020இல் கொரோனா வந்து சுற்றுலாவை மூடியபோது அந்த ஊற்றும் வற்றிவிட்டது. காட்டில் ரோந்து மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அந்த மாதங்களை எப்படி ஓட்டினார்கள் என்று காவலர்களின் வீட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். தங்கை, உங்கள் பதிவைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவு வந்தது. என்னோடு நடந்தவர்கள் எல்லாரும் இப்படிப்பட்ட சம்பளக்காரர்கள்தான், வரைபடத்தில் இல்லாத ஓடையும் அவர்களுக்குத் தெரியும், அவர்கள் சொன்ன பக்கம் திரும்பாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பயிர் இழப்பீடு வேறு கணக்கு. நான் இருந்த இடத்தில் வருஷ ஆரம்பத்தில் ஒரு தொகை ஒதுக்குவார்கள், மனுக்கள் அதைத் தாண்டிவிடும், மிச்சம் அடுத்த வருஷத்துக்குப் போகும். அடுத்த வருஷப் பணம் வந்ததும் பழைய மனுவுக்கே சரியாகிவிடும். ஈரோட்டுத் தம்பி, உங்கள் மனு அந்த வரிசையில்தான் நிற்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் கோட்டத்தில் எத்தனை மனு நிலுவை, எந்தத் தேதியிலிருந்து, ஒதுக்கிய தொகை எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, இந்த நான்கு மட்டும். ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் தர மாட்டார்கள், பதிவேட்டில் இருப்பதைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

கூடலூர் பக்கம், நீலகிரி

மனு நிலுவையில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நாங்கள் ஜென்மி நிலத்தில், அதாவது ஜமீன் மாதிரி பழைய உரிமையாளர்களிடம் இருந்த நிலத்தில், பிரிவு 17இல் இருக்கிறோம். அந்த ஜென்ம உரிமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு அது, உரிமை முடிவாகாத குத்தகை நிலம் அதில் வரும், வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. வாழை முழுவதும் போய் மனு எடுத்துக்கொண்டு போனால் பட்டா எங்கே என்பார்கள். பட்டா இல்லை, மனு திரும்பி வந்துவிட்டது. யானைக்குப் பட்டா நிலம் எது, பிரிவு 17 எது என்று தெரியாதே ஐயா. வேலி போடக்கூட எங்கள் பெயரில் உதவித் திட்டம் கிடையாது.

மேட்டாங்காட்டு விவசாயி, ஈரோடு மாவட்டம்

வனவர் ஐயாவுக்கு நன்றி. நீங்கள் சொன்ன நான்கு கேள்வியோடு ஐந்தாவதாக ஒன்று சேர்த்து எழுதிவிட்டேன்: வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு எந்த மாதம் வரை சம்பளம் கொடுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் சட்டையைப் பிடிக்கப் போன அதே பங்காளிதான் முதல் கையெழுத்து. அடுத்த கிராம சபையில் இழப்பீடும் காவலர் சம்பளமும் ஒரே தீர்மானத்தில் வர வேண்டும் என்று வார்டு உறுப்பினர்களிடம் பேசியிருக்கிறோம், தனித்தனியாகக் கேட்டால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போடுவார்கள். கூடலூர்க்காரரே, உங்கள் பக்கம் பட்டா இல்லாமல் திரும்பிய மனுக்கள் எத்தனை என்றும் கேட்கச் சொல்லுங்கள், அந்த எண்ணிக்கை எந்த அறிக்கையிலும் என் கண்ணில் பட்டதில்லை. மனுவின் மாதிரி வேண்டும் என்பவர்கள் இங்கேயே சொல்லுங்கள், மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.