கணவாய்க் காத்துல ஹெட் காயுது: கேப்புக்கு ஈரம் விடுற அமைப்புக்கு பேட்டன்ட் கிடைக்குமா?

வேலந்தாவளம் பிரிண்ட்

நோட்டீஸ், கல்யாணக் கார்டு, ஃபோட்டோ எல்லாம் ரெண்டு இங்க் டேங்க் மெஷின்ல ஓடுதுங்க. ரெண்டும் பீசோ ஹெட், மின்சாரம் பட்டா வளையற படிகத்தால மையைத் தள்ளுற வகை. கருப்பு மட்டும் பிக்மென்ட் (நுண்துகள் மை), மத்த மூணும் டை (கரையற சாய மை). மார்கழி பாதியில இருந்து மாசி முடியற வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா கிழக்குக் காத்து அடிக்கறப்ப கடைக்குள்ள ஈரப்பதம் மீட்டர்ல 35 சதவீதத்துக்குக் கீழ போகுது. ராத்திரி நிறுத்திட்டு காலைல நாசில் செக் (மை வர்ற துளை எல்லாம் வேலை செய்யுதான்னு பாக்கற கோட்டுப் பிரிண்ட்) எடுத்தா கருப்புல பாதிக் கோடு இருக்காது. மழைக் காலத்துல இந்தத் தொல்லையே இல்ல.

இதுக்கு ஒரு மெஷின்ல ஓர் ஏற்பாடு பண்ணியிருக்கேன். மெஷின் ஓடாதப்ப ஹெட்டை மூடி வெக்கற கேப்போட அடியில ஓட்டை போட்டு, ஸ்பாஞ்சுக்கு 1 மி.மீ. சிலிக்கான் குழாய் விட்டிருக்கேன். குழாய் சின்ன பெரிஸ்டால்டிக் பம்புல (குழாயை அழுத்தி அழுத்தித் தண்ணி தள்ளுற பம்பு) சேருது. கேப்புக்குப் பக்கத்துல ஈரப்பத சென்சார். 60 சதவீதத்துக்குக் கீழ இறங்கினா பம்பு ஒரு சொட்டுத் தண்ணி விடும். கருப்பு இப்ப நல்லா வருது. ஆனா க்ளீனிங் போட்டா அதுவரைக்கும் ஒழுங்கா இருந்த மஞ்சள் போயிடுது, குழாய் மாட்டுனதுக்கு அப்புறம்தான் இப்படி.

ரெண்டு கேள்வி. மஞ்சள் ஏன் போகுது? இந்த அமைப்புக்கு பேட்டன்ட் வாங்க முடியுமா? பிரிண்டர்காரங்க வாட்ஸ்அப் குழுவுல வீடியோ கேக்கறாங்க, கொங்கன் படைத் திருவிழா நோட்டீஸ் வேலை வர்றதுக்குள்ள போட்டுடலாம்னு இருக்கேன்.

சித்தூர் சர்வீஸ்

வீடியோ இப்போதைக்குப் போடாதீங்க. காரணத்தைக் கீழே விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் மஞ்சளுக்கு வருகிறேன்.

நாசில் செக்கை அடுத்தடுத்து மூன்று எடுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்க. விட்டுப்போன கோடு மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே மை காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு க்ளீனிங்குக்கும் இடம் மாறினால் அது காற்று. நல்லா இருந்த கலர் க்ளீனிங்குக்குப் பிறகு போவது அனேகமாக எப்போதும் காற்றுதான்.

தெர்மல் ஹெட்டில் மையறைக்குள் ஒரு மெல்லிய ரெசிஸ்டர் சில மைக்ரோ செகண்ட் மட்டும் சூடாகும். அதை ஒட்டிய மை 300 டிகிரியைத் தொட்டுக் குமிழியாக வெடித்து, முன்னால் இருக்கும் மையைத் தள்ளும். பீசோவில் குமிழி கிடையாது. மின்சாரம் பட்டதும் படிகம் மைக்ரான் கணக்கில் வளைந்து அறையைக் கொஞ்சம் அழுத்தும், அவ்வளவுதான். அந்த அறைக்குள் கடுகைவிடச் சின்ன காற்றுக்குமிழி இருந்தாலும் போதும், அழுத்தத்தை அது ஸ்பிரிங் மாதிரி வாங்கிக்கொள்ளும், மை வெளியே வராது. அதனால் காற்று ஏறிய பீசோ ஹெட்டுக்குத் திரும்பத் திரும்ப க்ளீனிங் போடுவது கழிவு மை சேரும் வேஸ்ட் பேடை நிரப்பும் வேலைதான். ஒரு தடவை போட்டு, ஆறேழு மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்க. பாதிக் காற்று மையிலேயே கரைந்துவிடும்.

உங்க மெஷினில் காற்று எங்கிருந்து வருகிறது? நீங்க போட்ட ஓட்டையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். க்ளீனிங் நேரத்தில் கேப்புக்குள் உறிஞ்சல் உண்டாகிறது. குழாய் நுழையும் இடம் கசிந்தால் பம்பு மையை இழுக்காமல் வெளிக்காற்றை இழுக்கும். அப்போது சில கலருக்கு உறிஞ்சல் பத்தாது, அறைக்குள் இருக்கும் குமிழி வெளியேறாமல் இடம் மட்டும் மாறும். சோதிப்பது சுலபம். மெஷினை அணைத்து, ஹெட்டை நகர்த்தி, கேப்பை விளிம்பு வரை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்க. ஆன் பண்ணி ஒரு க்ளீனிங். கேப் காலியாகியிருந்தால் பம்பும் வேஸ்ட் குழாயும் சரி. கேப் காலியாகியும் நாசில் தேறவில்லை என்றால் விளிம்பு ரப்பரிலோ உங்க ஓட்டையிலோ கசிவு. தண்ணி அப்படியே நின்றால் பம்புக் குழாய் அடைத்திருக்கிறது.

விளிம்பு ரப்பரில் காய்ந்த மை மேடு கட்டியிருக்கும், அதை நூல் விடாத பட்ஸில் தண்ணி தொட்டுத் துடைங்க. ஐசோபுரொபைல் ஆல்கஹால் வேண்டாம். பிக்மென்ட் மை அதில் திரிந்து கட்டியாகும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பாஞ்சில் தங்கும் பழைய மையில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், மை சீக்கிரம் காயாமல் இருக்கச் சேர்க்கும் கிளிசரின் போகாது. அந்தக் கிளிசரின் ஈரத்துக்கு ஏங்கிக் கிடக்கும். மூடிய கேப்புக்குள் ஈரம் கிடைக்கும் ஒரே இடம் நாசில்தான். கேப் ஒழுங்காக மூடியிருந்தும் காலையில் ஹெட் காய்வதற்கு இதுவே காரணம், கேப்பே உறிஞ்சிவிடுகிறது. நீங்க விடும் சொட்டு வேலை செய்வதும் இதனால்தான், கிளிசரின் நீர்த்துப்போகிறது. ஆனால் உங்க சென்சார் கேப்புக்கு வெளியே இருக்கிறது. அது கடையின் காற்றைத்தான் அளக்கிறது. கேப்புக்குள் நிலவரம் வேறு.

தண்ணி பேட்டரி வாட்டர் அல்லது டிஸ்டில்டு மட்டும். நம்ம கிழக்குப் பக்கத்து போர் தண்ணி உப்புத் தண்ணி, நாசில் தட்டில் வெள்ளைப் படலம் கட்டிவிடும். அளவு கூடி தண்ணி நாசில் தட்டைத் தொட்டால் நாலு கலரும் ஒன்றோடொன்று கலக்கும்.

கிளெய்ம் வாசகர்

வீடியோ போடக் கூடாது என்பதற்குக் காரணம் இது: விண்ணப்பம் போடும் முன் விஷயம் வெளியே தெரிந்துவிட்டால் அது புதியது என்ற தகுதியை இழக்கிறது. வீடியோ போட்ட பிறகும் விண்ணப்பிக்க ஒரு வருடம் சலுகை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், இந்தியச் சட்டத்தில் அப்படிப் பொதுச் சலுகை இல்லை. மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் சபையில் வாசித்த கட்டுரை என 12 மாத விலக்கு சிலதுக்கு மட்டும் உண்டு. வாட்ஸ்அப் குழு அதில் வராது.

கேப்பில் ஈரமான ஸ்பாஞ்ச், நாசிலை ஈரமாக வைத்தல், கேப்புக்குத் தண்ணீர் விடுதல் எல்லாம் பழைய கண்டுபிடிப்புகள். நாசில் அடைப்பைத் தடுத்தல், மூடுதல், ஈரப்படுத்துதல் ஆகியவற்றுக்கென்றே உலக வகைப்பாட்டில் பி41ஜே 2/165 என்று ஓர் எண் இருக்கிறது. அதை கூகுள் பேட்டன்ட்ஸிலும் இந்தியப் பேட்டன்ட் அலுவலகத் தேடல் பக்கத்திலும் போட்டு, ஈரப்பதம், சென்சார் என்ற சொற்களோடு சேர்த்துத் தேடுங்க. தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு நிறுத்தாதீங்க, எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் கிளெய்ம் பகுதியைப் படிங்க. காலாவதியானதையும் விடக் கூடாது. பீசோ ஹெட்டின் அடிப்படைப் பேட்டன்ட்கள், ஸோல்ட்டன் 1972-இல் வாங்கியதும் கைசரும் சியர்ஸும் 1976-இல் வாங்கியதும், எப்போதோ முடிந்தவை. இன்று யாரும் அப்படி ஹெட் செய்யலாம், ஆனால் அதையே புதிது என்று யாரும் கேட்க முடியாது.

தெரிந்த சாமான்களை வரிசை மாற்றி வைத்ததற்குப் பேட்டன்ட் இல்லை, இந்தியப் பேட்டன்ட் சட்டம் பிரிவு 3(எஃப்). பம்பும் சென்சாரும் ஸ்பாஞ்சும் சேர்ந்த அமைப்பு என்று எழுதினால் ஆய்வாளர் முதல் கடிதத்திலேயே இதைக் காட்டுவார். வெறும் கணினி நிரல் என்றால் 3(கே) தடுக்கும். ஆகவே சித்தூர் சர்வீஸ் சொன்னதைப் பிடிங்க. மூடிய கேப்புக்குள் இருக்கும் ஈரப்பதத்தை அளந்து, அதிலிருந்து ஸ்பாஞ்சில் கிளிசரின் எவ்வளவு செறிந்திருக்கிறது என்று கணித்து, அந்த அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுவது. தேடலில் இது அகப்படவில்லை என்றால் வாதாட இடம் இருக்கிறது. ஏனென்றால் இதில் சாமான்கள் சேர்ந்து தனித்தனியாகக் கிடைக்காத ஒரு பலனைத் தருகின்றன. அந்தப் பலனை எண்ணால் காட்டணும்: தண்ணி விட்ட இரவு, விடாத இரவு, ஒவ்வொன்றிலும் காலையில் விட்டுப்போன கோடுகள்.

தேதிதான் எல்லாம். கேனன் நிறுவனத்தில் எண்டோ இச்சிரோ குழுவினர் 1977-இல், மை நிரம்பிய ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் பட்டு மை பீய்ச்சியதைப் பார்த்து பபிள் ஜெட்டுக்கு, அதாவது மேலே சொன்ன தெர்மல் ஹெட்டுக்கு, வந்தார்கள். ஹெச்பியில் ஜான் வாட் 1979-இல் தனியாக அதே கருத்தை எட்டினார். யார் முந்தி என்பது தாளில் இருந்தது, பின்னால் ரெண்டு நிறுவனமும் உரிமையைப் பகிர்ந்துகொண்டன.

நீங்க செய்ய வேண்டியது தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது தேதியைப் பிடிக்க முதலில் போடும் விண்ணப்பம். கேரளத்தில் இருப்பதால் உங்க விண்ணப்பம் சென்னை பேட்டன்ட் அலுவலகத்துக்குப் போகும், ஆன்லைனில் போடலாம். தனி நபருக்கு 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுடையது. 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்கணும், தவறினால் கைவிட்டதாகக் கொள்வார்கள். ஆய்வு வேண்டுகோளுக்கு 4,000 ரூபாய், முன்னுரிமைத் தேதியிலிருந்து (முதல் விண்ணப்பம் போட்ட நாள்) 31 மாதத்துக்குள். முன்பு 48 மாதம் இருந்தது, 2024-இல் குறைத்துவிட்டார்கள், பழைய வழிகாட்டிகளை நம்பி ஏமாறாதீங்க. தற்காலிகக் குறிப்பில் எழுதாததுக்குப் பின்னால் அந்தத் தேதி கிடைக்காது. ஆகவே குழாயின் உள்விட்டம், சொட்டின் அளவு, சென்சார் இடம், மாற்று வழிகள் எல்லாவற்றையும் அதிலேயே எழுதுங்க, படமும் வரைங்க.

வேலந்தாவளம் பிரிண்ட்

கேப்ல தண்ணி நிரப்பிப் பார்த்தேங்கண்ணா. காலியாயிடுச்சு, மஞ்சள் அப்பவும் வரல. குழாய் நுழையற இடத்துல சிலிக்கான் பசை போட்டு ஒரு நாள் விட்டேன், இன்னைக்கு காலைல க்ளீனிங் போட்டும் நாலு கலரும் முழுசா இருக்கு. சென்சாரை கேப்புக்குள்ள எங்க வெக்கறது? மை பட்டா வீணாயிடாதா?

சித்தூர் சர்வீஸ்

கேப்புக்குள் நேரா வைக்காதீங்க தம்பி. கேப்பின் அடியில் அழுத்தம் சமமாக ஒரு மெல்லிய மூச்சுப் பாதை இருக்கும். அதில் 'டி' இணைப்புப் போட்டு, சின்ன அடைத்த டப்பாவில் சென்சாரை வையுங்க, நடுவில் நீர் புகாத, ஆவி புகும் டெஃப்லான் சவ்வு. டப்பா 1 மி.லி.க்கு மேல் வேண்டாம், பெரிதானால் அளவு மெதுவாக ஏறும். ஹெட் மூடி அரை மணி நேரம் கழித்துத்தான் அளவை நம்பணும். க்ளீனிங் ஓடும்போது அந்தப் பாதை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்க, இல்லையென்றால் மறுபடியும் மஞ்சள் போகும்.

கேப்பைக் கழற்றும்போது ஹெட்டின் ஃப்ளாட் கேபிளில் ஈரம் படக் கூடாது. பல பீசோ மெஷினில் ஹெட்டுக்கு 42 வோல்ட் போகிறது. கேபிள் நுனியில் ஒரு சொட்டு மை இருந்து ஆன் பண்ணினால் போர்டில் டிரைவர் டிரான்சிஸ்டர் ஜோடியும் ஃபியூஸும் போய்விடும், சில நேரம் ஹெட்டும் கூட. பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிஷம் விட்டுட்டு கை வைங்க.