புதுப்பிப்பு: பைக் செயின் 'டக் டக்' நின்றது, ஆனால் குற்றவாளி வேறு

போன மாதம் புலம்பியிருந்தேனே, குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும்போது மெதுவான ஏற்றத்தில் செயின் 'டக்... டக்'னு உதைக்குதுன்னு? பாதிப் பேர் செயினையே மாத்தச் சொன்னீங்க, மீதிப் பேர் மண்ணெண்ணெயில் ஊறவைக்கச் சொன்னீங்க.

ஞாயிற்றுக்கிழமை சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) விட்டு வெளியே வந்தும் நிமிராமல், முழங்கை மடக்கின மாதிரி மூன்று கண்ணிகள் நின்றன. ஜூலை முழுக்கச் சாரலில் நனைந்த வண்டி. கண்ணிக்குள் இருக்கும் பின்னுக்கும் (சிறு ஊசி) அதைச் சுற்றிய புஷ்ஷுக்கும் (சிறு குழாய்) நடுவே செந்துரு.

என்னுடையது ஓ-ரிங் (கண்ணிக்குள் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையம்) இல்லாத சாதா 428 அளவு செயின். கழற்றி ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் போட்டேன். காலையில் ஒவ்வொரு கண்ணியையும் மேலும் கீழும், கொஞ்சம் பக்கவாட்டிலும் அசைத்து, 90 கியர் ஆயில் விட்டேன். இரண்டு இளகிவிட்டன.

மூன்றாவது மட்டும் மசியவில்லை. பார்த்தால் அது லாக் கண்ணி, அதாவது செயினின் இரண்டு முனையையும் கிளிப் போட்டு இணைக்கும் கண்ணி! முன்பு மாட்டியவர் தகட்டைச் சுத்தியலால் அளவுக்கு மேல் அடித்து இறுக்கியிருக்கிறார். இந்தக் கண்ணியில் துருவே இல்லை, பாவம். புது லாக் வாங்கினேன், ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிடுகிற காசுதான். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கணும், மறந்துடாதீங்க.

செயினின் தொய்வு (மேலும் கீழும் ஆடும் அளவு) 25 மி.மீ. வைத்திருக்கிறேன். நேற்று ஊட்டி-மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன், சத்தமே இல்லை. இளகின இரண்டில் ஒன்று மறுபடி மடங்கினால் ஸ்பிராக்கெட்டோடு செட்டாகவே மாற்றிவிடுவேன்.