40×30 மி.மீ. தபால்தலை: சுருக்கினால் கொடி குழம்பிப் போகிறது

சிப்புட்_டீச்சர்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தேசிய தினத்துக்கு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் தபால்தலை வரைகிறார்கள். இறுதி அளவு 40×30 மி.மீ. ஏ4 தாள் முழுக்க வரைந்து சுருக்கினால் மலேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங்கின் கோடுகள் ஒட்டிக்கொள்கின்றன, எழுத்தும் படிக்க முடியவில்லை. கொடி, செம்பருத்தி, இரட்டைக் கோபுரம், ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர் நாலும் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. எப்படி?

அச்சுக்கூடம்:
டீச்சர், ஏ4-ஐ நிரப்பாதீங்க, விகிதமே ஒத்துவராது. தாளின் நடுவில் 200×150 கட்டம் போடுங்க. சரியாக ஐந்து மடங்கு.

கொடி 112×56. அப்போதுதான் 14 கோடும் ஆளுக்கு 4 மி.மீ. என்று முழுசாக வரும். நீலக் கட்டம் 56×32, அதாவது மேலிருந்து எட்டுக் கோட்டு உயரம். சுருங்கினால் கோடு 0.8 மி.மீ. அதற்கும் கீழே போகாதீங்க. அச்சில் சிவப்பு என்பது மஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது. ஒன்று இம்மி நகர்ந்தாலும் வெள்ளைக் கோட்டின் ஓரம் மஞ்சளடிக்கும்.

இன்னொன்று. முதல் கோடு சிவப்பு, கடைசிக் கோடு வெள்ளை. வெள்ளைப் பின்னணியில் வைத்தால் கடைசிக் கோடு தாளோடு கரைந்து, கொடிக்கு 13 கோடுதான் தெரியும். பின்னால் வெளிர்நீலம் பூசிடுங்க.

வரையும் கட்டத்தில் தமிழ் எழுத்து 10 மி.மீ. உயரத்துக்குக் குறைந்தால் புள்ளியும் கொம்பும் அடைத்துக்கொள்ளும். நாட்டின் பெயர் ரூமியிலும் (ரோமன் எழுத்தில்) இருக்கணும், விலை 1, 2, 3 எண்ணில். அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி அது.

தலைச்சேகரன்:
நாலு படம் வேண்டவே வேண்டாம். சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை, 1947 நவம்பர் 21, மூன்றரை அணா: கொடியும் ‘ஜெய் ஹிந்த்’தும்தான். 1957 மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) மலாயா வெளியிட்ட 10 காசுத் தலையில் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் மக்களும். கோபுரத்தை எல்லாப் பள்ளியும் வரையும். நீங்க பால் வெட்டுபவரை எடுங்க, கொடி பின்னால் இருக்கட்டும்.

சுற்றி மெல்லிய கட்டம் போடும் பழக்கத்தை நிறுத்துங்க. துளையிடும்போது அரை மில்லி விலகினாலும் கட்டம் காட்டிக்கொடுக்கும். வண்ணம் விளிம்பு தாண்டி ஓடட்டும். முகம், எழுத்து, விலை மூன்றும் வரையும் கட்டத்தின் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே.

மங்குதுடைப்பு:
பால் வெட்டுபவர் என்றால் மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கணும், சுமார் 30 பாகை. பட்டைக்குள் பால்குழாய்கள் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அப்படி வெட்டினால்தான் நிறைய அறுபடும். மங்கு, அதாவது பால் சேரும் கோப்பை, அந்தக் கீழ்முனைக்கு அடியில். மாற்றி வரைந்தால் நம்ம ஊரில் எவருக்கும் முதலில் அதுதான் கண்ணில் குத்தும்.

சிப்புட்_டீச்சர்:
நன்றி. சுருக்கிப் பார்க்க ஜெராக்ஸ் கடை இயந்திரம் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லையே?

அச்சுக்கூடம்:
முதலில் 50, அந்தப் பிரதியை 40. மொத்தம் 20 சதவீதம். கறுப்பு வெள்ளையிலேயே எடுங்க: கருநீலத்தின் மேல் சிவப்பில் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே சாம்பலாகி எழுத்து மறைந்துவிடும். அப்படி மறைந்தால் எழுத்தை வெள்ளையாக்குங்க.

துளைக்குத் தையல் இயந்திரம் போதும். நூல் கோர்க்காமல் தையல் நீளம் 1.5 மி.மீ. வைத்து ஓட்டினால் 2 செ.மீ.க்கு 13 துளை. உண்மைத் தலைகளுக்குக் கிட்டத்தட்ட அதே நெருக்கம். பழைய ஊசி போடுங்க, தாள் முனையை மழுக்கிவிடும்.